ஷூவுக்கும் பல் பிடித்துப் பார்க்க வேண்டும்!

‘ட்ரெக்கிங் ஷூ, 9-ம் நம்பர். ஒரே ஒரு தடவைதான் போட்டது. புதுசு மாதிரியே இருக்கும். வாங்கினது 7,500, கொடுக்கிறது 2,000. கடைசி விலை.’

செல்போனில் பழைய பொருள் வாங்கி விற்கும் ஆப்களை மேய்கிறவர்கள் இந்த மாதிரி விளம்பரத்தை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கூடவே ஒரு படம் இருக்கும். மொசைக் தரையில் ஜோடியாக இரண்டு ஷூக்கள், அடிக்கட்டைகூடத் தேயாமல், கடையில் இருந்து இப்போதுதான் இறக்கியது போல. போட்டவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரே ஒரு தடவைதான் போட்டிருப்பார். உத்தரகாண்டில் கேதார்காந்தா மாதிரி ஏதோ ஒரு சிகரத்துக்கு, ஒரு டிசம்பர் மாதம், ஆபீஸ் நண்பர்களோடு போயிருப்பார். திரும்பி வந்ததும் கவரில் சுற்றிப் பரணில் போட்டிருப்பார். அப்புறம் கல்யாணம், குழந்தை, இ.எம்.ஐ. இப்போது வீடு மாற்றும்போது கண்ணில் பட்டிருக்கிறது.

இவரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி, ‘எத்தனை தடவை போட்டீங்க?’ கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த வருஷம் செஞ்சது?’

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிற நம் ஊர்ப் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கொம்புக்கு அடித்த பெயின்ட்டையும் கழுத்துச் சலங்கையையும் அவர்கள் பார்ப்பதே இல்லை. நேராக வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று தெரிந்த பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம். வயதை மறைக்க முடியாத ஒரே இடம் பல். மலையேறுகிற சாமான்களுக்கும் அப்படி ஒரு பல் உண்டு. பழையதை வாங்குகிறவர்களில் பலருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை.

மஞ்சப்பையும் பேக்பேக்கும்

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி பக்கம் போய் மேற்கே திரும்பினால் மலைதான். தென்னந்தோப்பும் நெல்வயலும் முடிகிற இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு மலையேறுவது புதிய விஷயம் இல்லை. ஆடி அமாவாசை வந்தால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்க ஜனம் திரளும். அறுபது வயது அம்மா, வெறுங்காலோடு, கையில் ஒரு மஞ்சப்பை, அதில் எலுமிச்சை சாதமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் என்று ஏறிப்போய்விட்டு இறங்கி வருவார். ‘லைட்வெயிட் கியர்’ என்று நாம் இப்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதன் தத்துவத்தை அந்த மஞ்சப்பை எப்போதோ முடித்துவிட்டது.

ஆனால் இப்போது மலைக்கு வேறு ஒரு கூட்டமும் வருகிறது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை முறைப்படி திறந்தது. ஆன்லைனில் பதிவு, உடன்வர உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று எல்லாம் ஒழுங்கானது. அந்தப் பட்டியலில் விருதுநகர் மாவட்டமும் உண்டு. ‘செண்பகத்தோப்பு – புதுப்பட்டி’ என்றே ஒரு பாதைக்குப் பெயர். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு இது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-லேயே சரணாலயமான இடம்.

பாதை திறந்ததும் சாமான் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வருகிறவர்கள் முதுகில் மாட்டியிருக்கும் பையைப் பார்த்து உள்ளூர்ப் பையன்கள் விலை கேட்கிறார்கள். கேட்டதும் மயக்கம் வருகிறது. நல்ல மழை ஜாக்கெட் ஒன்று, ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. எடை குறையக் குறைய விலை ஏறுவது இந்த வியாபாரத்தின் விசித்திரம். வாழைக்காய் வாங்கினால் எடைக்கு விலை. இங்கே எடை இல்லாததற்கு விலை.

அதனால் பழையது. அதில் தப்பே இல்லை. டிராக்டரும் பம்புசெட்டும் பைக்கும் செகண்ட் ஹேண்டில் வாங்கியே பழகிய ஊர்கள்தான் இவை. என்ஜின் சத்தத்தைக் கேட்டே ‘பிஸ்டன் போயிருக்கு’ என்று சொல்கிற ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மலைச் சாமான் வேறு மாதிரி. அது ஓடி ஓடித் தேய்வதை விட, சும்மா கிடந்து சாவதுதான் அதிகம்.

பரணில் நடப்பது என்ன?

எங்கள் உறவில் ராஜபாளையத்துப் பையன் ஒருவன். பெங்களூரில் வேலை. மேலே சொன்ன மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்து 1,800 ரூபாய்க்கு ஷூ வாங்கினான். வீட்டுக் கூடத்தில் போட்டு நடந்து பார்த்தான், பஞ்சு மாதிரி இருந்தது. சதுரகிரி ஏறும்போது கோரக்கர் குகையைத் தாண்டுவதற்குள் வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. துண்டைக் கிழித்துக் கட்டினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இடதும் பிளந்தது.

“ரெண்டும் ஒண்ணு சொன்ன மாதிரி விட்ருச்சு மாமா. பின்னாடி வந்த ஆச்சி, ‘ஏம்ப்பா, செருப்பக் கழட்டிட்டு வந்தா என்ன, சாமிதான கூப்புட்டுச்சு’ன்னுட்டு என்னையத் தாண்டிப் போயிருச்சு!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வெறுங்காலில் பழகாத கால் கல்லிலும் வேரிலும் இறங்கும்போது நடை பாதியாகக் குறைந்துவிடும். சதுரகிரிப் பாதையில் ஓடைகளைக் கடக்க வேண்டும். 2015 மே மாதம் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த மலை அது. மேலே மழை பிடித்தால் கீழே இருக்கிறவருக்கு நிமிடக் கணக்குதான். அந்த நேரத்தில் மெதுவாக நடக்கிறவராக இருப்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு ஷூவும் ஒன்றாகப் பிளந்ததில் அதிசயம் ஒன்றும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே வயது.

ட்ரெக்கிங் ஷூவின் அடிப்பாகம் ஒரே துண்டு அல்ல. தரையில் படுவது ரப்பர். அதற்கும் மேல்பாகத்துக்கும் நடுவே மெத்தை மாதிரி ஓர் அடுக்கு. ‘மிட்சோல்’ என்பார்கள். கனமான ஷூக்கள் பலவற்றில் இந்த மெத்தை பாலியூரித்தேன் என்கிற நுரையால் ஆனது. காற்றில் இருக்கிற ஈரம் இந்த நுரையின் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். சித்திரை மாதத்துக் கான்கிரீட் கூரைக்கு ஓர் அடி கீழே, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஈரம் முழுசாகக் காயாமல் வைத்த ஷூவுக்கு இதைவிடக் கொடுமையான இடம் வேண்டாம்.

உங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து வருடம் அலமாரியில் கிடந்த டிராவல் பேக்கைத் திறந்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ரெயின்கோட்டின் உள்பூச்சு வெள்ளைத் தூளாக உதிரும். ரெக்ஸின் சோபா தோல் உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் எல்லாம் ஒரே வியாதி.

பாலியூரித்தேன் மெத்தைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள், தயாரித்த நாளில் இருந்து ஐந்து முதல் பத்து வருடம். வாங்கிய நாளில் இருந்து அல்ல, போட்ட நாளில் இருந்தும் அல்ல. அதுவும் குளிர்நாட்டுக் கணக்கு. இன்னொரு வேடிக்கை, அடிக்கடி போட்டு நடந்த ஷூ, போடாமல் கிடந்த ஷூவைவிட அதிக நாள் தாங்கும் என்று ஷூ தயாரிக்கிறவர்களே சொல்கிறார்கள். நடக்கும்போது நுரை அமுங்கி விரிவதால் ஈரம் தங்காமல் வெளியேறுகிறது என்பது அவர்கள் விளக்கம். அதாவது ‘ஒரே ஒரு தடவைதான் போட்டது’ என்பது சிபாரிசு இல்லை, எச்சரிக்கை.

சரி, பல் எங்கே இருக்கிறது? ஷூவின் நாக்கைப் புரட்டுங்கள். உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளில் சைஸுக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். சில கம்பெனிகள் சங்கேத எண்ணாகப் போட்டிருப்பார்கள், கடையில் கேட்டால் சொல்வார்கள். லேபிளே இல்லை, கிழிந்துவிட்டது என்றால் அந்த ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சை முடித்துக்கொள்ளலாம். தேதி சரியாக இருந்தால் அடுத்து மெத்தைப் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல நுரை அமுங்கி மேலே வரும். கெட்டது அப்படியே குழிந்து நிற்கும், அல்லது பொடியும். பிறகு ஷூவை இரண்டு கையாலும் வளையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிளந்ததை ஒட்டிக்கொள்ளலாமே என்பார்கள். பசை போவது ஒரு விஷயம், மெத்தையே பொடிவது வேறு விஷயம். பொடிகிற சுவரில் எந்த ஆணியும் நிற்காது. தெருமுனையில் செருப்புத் தைக்கிற அண்ணன் சுற்றிலும் தையல் போட்டுக் கொடுப்பார், கடைத்தெருவுக்குப் போட்டுக்கொள்ளலாம். அவரே ‘மலைக்கெல்லாம் தாங்காது தம்பி’ என்று சொல்லித்தான் கொடுப்பார். வழியில் பிளந்துவிட்டால் அவசரத்துக்குச் சுற்றிக் கட்ட ஒரு கட்டுத்துணிச் சுருள் பையில் இருப்பது நல்லது. அதற்கு அதிகத் தூரம் அலைய வேண்டாம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

பழையதில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது மலையேற்றக் கம்புகள். ஒவ்வொரு கணுவையும் முழுசாக இழுத்துப் பூட்டி, உங்கள் எடையைப் போட்டு ஊன்றுங்கள். நழுவாமல் நின்றால் போதும். கார்பன் கம்பு என்றால் மட்டும் விரலால் தடவிக் கீறல் பாருங்கள், அது வளையாது, ஒரே அடியாக ஒடியும். முதுகுப்பையும் நல்ல பேரம்தான். ஜிப் போயிருந்தால் கவலையே வேண்டாம். ரன்னர் மாற்றுவதற்கு பேக் ரிப்பேர் கடைக்காரர் வாங்குவது டீச் செலவு. இடுப்புப் பட்டையின் மெத்தை சப்பையாகிவிட்டதா, உள்பூச்சு ஒட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

டென்ட்டுக்கு மூக்கு வேண்டும். விரித்ததும் புளித்த வாடை அடித்தால் உள்பூச்சு போய்விட்டது, துவைத்தாலும் திரும்பாது. சிலிக்கான் பூசிய துணிக்கு இந்த வியாதி வராது, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். எதுவானாலும் முழுசாக நட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. டென்ட் எதற்கு? வனத்துறை திறந்திருக்கிற பாதைகள் காலையில் ஏறி அன்றைக்கே இறங்குகிறவை. காப்புக்காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் அடித்துத் தூங்க அனுமதி இல்லை. இமயமலைக்குப் போகிறவருக்கோ, கூட்டிப்போகிற ஏற்பாட்டாளரே டென்ட் கொடுப்பார். பாதிப் பேர் வாங்கும் டென்ட்டுகள் மொட்டை மாடியைத் தாண்டுவதில்லை என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட டென்ட்டுகள்தான் நாலு வருடம் கழித்து ‘ஒரே தடவை யூஸ் பண்ணது’ என்று விற்பனைக்கு வருகின்றன.

ஸ்லீப்பிங் பேக் வாங்குகிறவர்கள் உறையில் இருந்து எடுத்து அரை மணி நேரம் விரித்து வையுங்கள். வாத்து இறகு திணித்தது என்றால் பூரி மாதிரி உப்பி எழ வேண்டும். வருடக்கணக்காகச் சின்ன உறைக்குள் அமுக்கியே வைத்திருந்தால் எழாது, குளிரும் தாங்காது. தலையில் மாட்டும் டார்ச்சில் பேட்டரிக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் வடிகட்டும் குழாய் ஃபில்டர்களைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். அவற்றின் உள்ளே நூல் போன்ற நுண்துளைக் குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை பனியில் உறைந்துபோயிருந்தால் அவை வெடித்திருக்கும். வெளியில் இருந்து கண்டுபிடிக்கவே முடியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியோடு. ஹெல்மெட், கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னெஸ் மூன்றும் அதே ரகம். ஒரே ஓர் அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விற்பவர் உங்கள் அண்ணனாகவே இருந்தாலும், அவருக்கே தெரியாத கதை அந்தப் பொருளுக்குள் இருக்கலாம்.

துணிமணிக்குப் பழையதைத் தேடி அலைவது வீண். வியர்வை உடனே காய்கிற பனியன்களுக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கே புதிதாக, மலிவாகக் கிடைக்கும்.

பனி நாட்டில் இந்த வியாபாரம்

பழைய மலைச் சாமான் சந்தை என்றால் நம் பக்கத்தில் பெயர்பெற்றது காத்மாண்டுவின் தமேல். எவரெஸ்ட் பக்கம் வந்த குழுக்கள் திரும்பிப் போகும்போது விட்டுச்சென்றதும் ஷெர்பாக்களுக்குக் கொடுத்ததும் அங்கே கடைகளில் தொங்கும். அதே வரிசையில் பிரபலக் கம்பெனி முத்திரை போட்ட போலிச் சரக்கும் புதிதாகத் தொங்கும். எது பழைய அசல், எது புதிய போலி என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம்.

ஆனால் இந்த வியாபாரம் கறாராக நடப்பது பனிச்சறுக்கு நாடுகளில்தான். சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் இருக்கிற ஈழத்தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். சுவிஸ் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைப் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போகும். கால் வருடா வருடம் வளர்கிற பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கட்டுப்படியாகுமா? குளிர்காலம் தொடங்கும் முன்பு ஊர்தோறும் ‘ஸ்கீ போர்ஸே’ என்று பழைய சாமான் சந்தை கூடும். போன வருடத்து பூட்ஸைக் கொடுத்துவிட்டு அடுத்த சைஸை வாங்கி வரலாம். நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே. ‘பூஆ’ என்ற அமைப்பு, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களை நூலகப் புத்தகம் மாதிரி இலவசமாக இரவல் கொடுக்கிறது.

அங்கே மலையேற்றமும் சறுக்கும் கலந்த ஒரு விளையாட்டு உண்டு. ரோப் கார் இல்லாத மலையில், சறுக்குக்கட்டையைக் காலில் மாட்டியபடியே நடந்து ஏறி, உச்சியில் இருந்து சறுக்கி இறங்குவார்கள். ஏறும்போது கட்டையின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். ஆட்டின் முதுகை வால்பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும் இல்லையா? அதே சூட்சுமம்தான். முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. ஒருகாலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தார்கள், இப்போது செயற்கை இழை அல்லது அங்கோரா ஆட்டு ரோமம்.

பூட்ஸைக் கட்டையோடு இணைக்கிற பூட்டு முன்பெல்லாம் ஜோடி இரண்டு கிலோவைத் தாண்டும். 1980-களில் ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்தல் என்பவர், பூட்ஸின் முனையில் இரண்டு சின்ன ஊசிகள் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு பூட்டைச் செய்தார். இன்றைக்கு அந்த வகையில் ஜோடி அரைக் கிலோவுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. கட்டை, பூட்டு, பூட்ஸ், ரோமப் பட்டை என்று முழு செட்டையும் புதிதாக வாங்கினால் நம் பணத்தில் எளிதாக ஒன்றரை லட்சத்தைத் தொடும். அதனால்தான் பழையதற்கு அவ்வளவு கிராக்கி.

அங்கே விற்கிறவர் என்னென்ன சொல்லியாக வேண்டும் தெரியுமா? கட்டையில் இதுவரை எத்தனை முறை பூட்டுக்காகத் துளை போட்டிருக்கிறது, குதிகாலில் பொறித்திருக்கும் பூட்ஸ் நீளம் எத்தனை மில்லிமீட்டர், முனையில் ஊசி பிடிக்கிற குழி தேய்ந்திருக்கிறதா, பட்டையின் பசை ஒட்டுகிறதா, ஒவ்வொன்றும் எத்தனை கிராம். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொள்கிற சிறிய ரேடியோ கருவியைப் பற்றி இன்னும் கறார். உலகம் முழுக்க ஒரே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதால் எந்தக் கம்பெனிக் கருவியும் எதோடும் பேசும். ஆனாலும் மிகப் பழைய மாடலை, ஓசிக்குக் கொடுத்தாலும் வாங்காதே என்பார்கள். புதைந்த பிறகு உயிரோடு எடுக்கக் கிடைக்கிற நேரம் கால் மணி சுமார். பழைய கருவியோடு திணறித் தேட அதில் நேரம் இல்லை.

நம் நாட்டில் இதற்கு இடம் காஷ்மீரின் குல்மார்க். ரோப் காரில் சுமார் 13,000 அடி உயரத்துக்குப் போய், அதற்கும் மேலே அஃபர்வாத் மலையில் நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. சறுக்குச் சாமான் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் வாடகைக் கடைகள்தான் அங்கே சுற்றுலாவின் முதுகெலும்பு. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கானின் தந்தை, குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை நடத்தியவர். பனி பார்க்க முதல் தடவை போகிற நம் குடும்பங்களுக்கும் அதையேதான் சொல்வேன். வருடத்துக்கு நாலு நாள் பனிக்கு எதையும் சொந்தமாக வாங்காதீர்கள், புதிதாகவும் சரி, பழையதாகவும் சரி. மணாலி ரோட்டிலும் தங்மார்க்கிலும் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

விற்கப் போகிறீர்களா?

பரணில் கிடப்பதை எடுத்து விற்க நினைப்பவர்கள், பனி நாட்டுக்காரர்களிடம் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குறையை முதலில் எழுதுங்கள். ‘இடது பக்கம் ஜிப் சிக்குகிறது, 2022-ல் தயாரானது, சமையல் தராசில் எடை 1,140 கிராம்’ என்று எழுதிய விளம்பரத்துக்கு வருகிற ஆள், பேரம் பேசி உயிரை வாங்க மாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாக்கு லேபிளையும் அடிப்பாகத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். மேல்பக்கத்தை மட்டும் ஆறு கோணத்தில் எடுப்பதால் பயன் இல்லை. விலைக்கு என் கணக்கு இது: ஒரு வருடத்துக்குள் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல், மூன்று வருடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. பாலியூரித்தேன் மெத்தை ஷூ ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் விலையே இல்லை. ‘யாருக்காவது உபயோகப்படட்டுமே’ என்று சும்மா கொடுப்பதும் சரி இல்லை. செண்பகத்தோப்பில் உங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருகிற வழிகாட்டிப் பையனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வருகிற ஷூ, அடுத்த வாரம் இன்னொரு குழுவோடு அவன் நடக்கும்போது பிளக்கும். கொடுப்பதாக இருந்தால் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பண விஷயத்திலும் ஒரு வார்த்தை. ‘ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, சாமானை அவசரமாகக் கொடுக்கிறேன்’ என்று அடையாள அட்டைப் படத்தோடு வருகிற விளம்பரம் பழைய மோசடி. மலைச் சாமானுக்கு அந்தக் கதை இன்னும் நன்றாகப் பொருந்துவதால் நம்பிவிடத் தோன்றும். நீங்கள் விற்கும்போது வேறு மாதிரி வருவார்கள். ‘கியூ.ஆர். கோடு அனுப்பியிருக்கேன் சார், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்’ என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கில் இருந்துதான் போகும். போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரில் பார்த்து, கையில் தொட்டு, நாக்கைப் புரட்டிப் பார்க்க முடியாத பழைய ஷூவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, செத்துப்போன ஷூவை என்ன செய்வது? லேஸ் நன்றாகத்தான் இருக்கும், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பை கட்ட உதவும். உள்ளே இருக்கும் பாதப்பட்டையும் வேறு ஷூவுக்கு ஆகும். மிச்சத்தைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கத்தரிக்கோலால் நாக்கை வெட்டிவிடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கழுவி, பாலிஷ் போட்டு, மறுபடியும் மொசைக் தரையில் வைத்துப் படம் எடுப்பார்கள்.